கார் தயாராகும் ஊரில் காந்தத்தைக் காட்ட யார் காசு கொடுப்பது?

ஒரு முழ நீளச் செம்புக் குழாயை நிமிர்த்திப் பிடித்து, உள்ளே ஓர் இரும்புக் குண்டைப் போட்டால் 'டக்'கென்று கீழே வந்து விழும். அதே அளவுள்ள சக்திவாய்ந்த காந்தத்தைப் போட்டால் அப்படி விழாது. யாரோ உள்ளே கையைக் கொடுத்துத் தாங்கித் தாங்கி இறக்குவதுபோல மெதுவாக வரும். செம்பைக் காந்தம் இழுக்காது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியானால் உள்ளே தாங்கிப் பிடிப்பது யார்?

நகரும் காந்தம், செம்புக்குள் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அந்த மின்னோட்டம் தனக்கென ஒரு காந்தப்புலத்தை உருவாக்கி, தன்னைப் பிறப்பித்த காந்தத்தின் ஓட்டத்தையே எதிர்க்கிறது. பாடப்புத்தகத்தில் இது லென்ஸ் விதி. மின்சார ஸ்கூட்டரில் வேகத்தைக் குறைக்கும்போது பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரம் திரும்பிப் போகிறதே, அதுவும் இந்த விதியின் உறவுதான். கனரக லாரிகள் மலைப்பாதையில் இறங்கும்போது வேகத்தை மட்டுப்படுத்தும் ரிடார்டர்களில் ஒரு வகையும் இதே விதியில்தான் வேலை செய்கிறது. அந்தச் சின்னக் காந்தத்தின் மவுசு எவ்வளவு என்பது 2025-ல் எல்லோருக்கும் தெரிந்தது. அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு போட்டதும், இந்திய வாகனத் தயாரிப்பாளர்கள் கையைப் பிசைந்தார்கள்.

குழாயும் காந்தமும் சேர்த்துச் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். ஆனால், "ஏன் மெதுவா வருது? நீயே யோசிச்சுச் சொல்லு" என்று ஒரு பிள்ளையிடம் கேட்டுவிட்டு, அது தப்புத் தப்பாகச் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கிற ஆள் ஒருவர் வேண்டும். அவருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வேண்டும். லாப நோக்கமில்லாத அறிவியல் அருங்காட்சியகங்களின் பணக்கதை முழுக்க இந்த ஆளைச் சுற்றித்தான் நடக்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கம்

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலைகளில் ஒருமுறை போய்வந்தால், தமிழ்நாட்டில் என்னவெல்லாம் தயாராகிறது என்பதற்கு ஒரு பட்டியலே கிடைத்துவிடும். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் தன் முதல் சான்ட்ரோவை வெளியே அனுப்பியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் ஆலை வந்தது. 2012-ல் டெய்ம்லரின் லாரிகள், அடுத்த வருடம் ராயல் என்ஃபீல்டு புல்லட். டயருக்கு அப்போலோ, கண்ணாடிக்கு செயின்ட் கோபெய்ன், செல்போனுக்கு ஃபாக்ஸ்கான். வாகனங்களைச் சோதித்துச் சான்று தருவதற்கென்றே ஜி.ஏ.ஆர்.சி. என்ற மத்திய அரசு மையம் ஒரகடத்தில் இயங்குகிறது.

இத்தனையும் சுவருக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் இருக்கும் பிள்ளைகள் கண்ணில் படுவது கேட், செக்யூரிட்டி, அப்பாவையோ அக்காவையோ ஏற்றிப்போகும் கம்பெனி பஸ். ஆலைக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. ரோபோ கை சுழலும் இடத்தில் ஐம்பது பிள்ளைகளை விட எந்தப் பாதுகாப்பு அதிகாரியும் சம்மதிக்கமாட்டார். செல்போன் ஆலைகளில் தொழில் ரகசியம் வேறு.

அறிவியல் சுற்றுலா என்றால் இந்தப் பக்கத்துப் பள்ளிகள் வழக்கமாக பஸ்ஸைத் திருப்புவது சென்னை கோட்டூர்புரத்துக்கு. பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும், 1988 முதல் வானத்தைக் காட்டிவரும் பிர்லா கோளரங்கமும் அங்கே ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இன்று முப்பதைத் தாண்டிய சென்னைப் பக்கத்துக்காரர்களில் பலர், அந்த இருட்டு அரங்கில் அண்ணாந்து பார்த்தவர்கள்தான். ஆனால், ஒரகடத்திலிருந்து போக வர முழு நாள் ஆகிவிடும். நுழைவுச் சீட்டைவிட பஸ் வாடகைதான் பெரிது. அரசுப் பள்ளி என்றால் அந்த வாடகையை யார் கொடுப்பது என்பதிலேயே பேச்சு முடிந்துவிடும்.

'இவ்வளவு கம்பெனி இருக்கு, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு இங்கேயே ஒரு மியூசியம் கட்டினால் என்ன?' என்று யாருக்கும் தோன்றும். கட்டுவது, உண்மையில், சுலபமான பாதி.

தொட்டால் உடையும், உடைந்தால் செலவு

சாதாரண அருங்காட்சியகத்தில் 'தொடாதீர்கள்' என்று போர்டு இருக்கும். சோழர் காலச் செப்புத் திருமேனி கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக நிற்கும், வருடக்கணக்கில் செலவும் வைக்காது. அறிவியல் அருங்காட்சியகம் நேர் எதிர். தொட வேண்டும், திருக வேண்டும், அழுத்த வேண்டும். ஒரு பட்டனை நாளைக்கு முந்நூறு பிள்ளைகள், அதுவும் ஒரே அழுத்தில் மூன்று தடவை அழுத்தினால், அது எத்தனை மாதம் தாங்கும்? பாதிக் கருவிகளில் 'பழுது' என்று அட்டை தொங்கும் அறிவியல் மையத்தைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை, அடுத்த முறை போக ஆசைப்படாது.

'தொட்டுப் பார்' என்பதையே கொள்கையாக்கிய இடங்களில் முதலில் நினைவுக்கு வருவது சான் பிரான்சிஸ்கோவில் உள்ள எக்ஸ்ப்ளோரடோரியம். 1969-ல் அதைத் தொடங்கியவர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர். சினிமாவில் பார்த்தோமே அணுகுண்டு ஓப்பன்ஹைமர், அவருடைய தம்பி. கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர் என்பதால் பல்கலைக்கழக வேலை போய், கொலராடோவில் மாடு வளர்த்து, பிறகு கிராமத்துப் பள்ளியில் பாடம் நடத்தியவர். பள்ளிப் பிள்ளைகளோடு கழித்த அந்தக் காலம்தான் பின்னாளில் அருங்காட்சியகம் ஆனது. பழுது பார்க்கும் பட்டறையை அவர் மறைவில் வைக்கவில்லை. வருகிறவர்கள் பார்க்கும்படி கூடத்திலேயே வைத்தார். கருவிகளைச் செய்வது எப்படி என்று 'சமையல் குறிப்பு' புத்தகங்களாகவே வெளியிட்டார்கள், யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துகொள்ளட்டும் என்று.

அப்படிப்பட்ட இடத்துக்கும் சோதனை வந்தது. 2013 ஏப்ரலில் கடற்கரையோரம் பிரமாண்டமான புதுக் கட்டடத்துக்குக் குடிபோனார்கள். சில மாதங்களிலேயே வரவு செலவு இடித்து, ஊழியர்களைக் குறைத்தார்கள். கட்டடத்துக்குக் கொடை கொடுத்த கைகள் பல. மாதச் சம்பளத்துக்கு அதே கைகள் நீளவில்லை.

பெங்களூரு விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்துக்குப் போனவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். தொழில் நிறுவனங்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்து உருவாக்கியது அது. கட்டடத்தை 1962 ஜூலையில் பிரதமர் நேரு திறந்துவைத்தார். பொதுமக்கள் பார்க்க முதல் காட்சிக்கூடம் திறந்தது 1965 ஜூலையில். சரியாக மூன்று வருடம். இன்று அது மத்திய அரசின் தேசிய அறிவியல் அருங்காட்சியகக் கவுன்சிலின் கீழ் நடக்கிறது. சம்பளமும் பராமரிப்பும் அரசின் பொறுப்பு என்பதால்தான் நிற்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

அரசு இல்லாமல், ஒரு டிரஸ்ட் நடத்தினால்? ஒரு மனக்கணக்கு போட்டுப் பார்க்கலாம். விளக்கிச் சொல்ல பத்துப் பேர், ஆளுக்கு மாதம் ரூ.20,000. வருடத்துக்கு ரூ.24 லட்சம். பிள்ளைக்கு 30 ரூபாய் டிக்கெட் வைத்தால், இந்தச் சம்பளத்துக்கு மட்டும் 80,000 பிள்ளைகள் வர வேண்டும். திறந்திருக்கும் நாள் 250 என்றால் தினமும் 320 பிள்ளைகள், அதாவது ஆறேழு பஸ். மழையோ, தேர்வோ, தேர்தலோ, எது வந்தாலும் இந்த எண்ணிக்கை குறையக் கூடாது. கரன்ட் பில், ஏ.சி., பட்டன், பல்பு, துப்புரவு, இன்ஷூரன்ஸ் எதுவும் இந்தக் கணக்கில் வரவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம் என்று சொல்லிவிட்டால், அப்படித்தானே சொல்லவும் வேண்டும், கணக்கு இன்னும் தள்ளாடும். அருங்காட்சியக நுழைவுக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பது ஒரு சின்ன ஆறுதல்.

இதற்குப் பழைய வைத்தியம் மூலதன நிதி. ஒரு பெருந்தொகையை வங்கியில் போட்டு, வட்டியில் சம்பளம் கொடுப்பது. கோயில்களுக்கு நிலம் எழுதிவைத்து, விளைச்சலில் விளக்கெரித்த அதே யோசனை. வட்டி 7% என்றால், ரூ.24 லட்சம் கிடைக்கச் சுமார் ரூ.3.4 கோடி முதலாக வேண்டும். கார் கம்பெனிகள் வரிசை கட்டி நிற்கும் ஊரில் இது பெரிய தொகையா என்று தோன்றலாம். சிக்கல், தொகையில் இல்லை.

இரண்டு சதவிகிதத்தின் குணம்

2013-ம் வருட நிறுவனங்கள் சட்டத்தின் 135-வது பிரிவு, 2014 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. 'சி.எஸ்.ஆர்.' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். சொத்து மதிப்பு ரூ.500 கோடி, விற்றுமுதல் ரூ.1,000 கோடி, நிகர லாபம் ரூ.5 கோடி என்ற மூன்றில் எந்த ஒன்றை எட்டினாலும், அந்த நிறுவனம் முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2%-ஐ சமூகத்துக்குச் செலவிட வேண்டும். கல்வி அந்தப் பட்டியலில் உண்டு. ஆலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்ற வரியும் உண்டு. அது கட்டாயமில்லை, வழிகாட்டல்தான் என்று பிறகு விளக்கம் வந்தது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்தப் பணத்துக்கென்று ஒரு குணம் இருக்கிறது. முதலாவதாக, அதைச் சேமிக்க முடியாது. 2021 ஜனவரிக்குப் பிறகு, எந்த அமைப்பின் மூலதன நிதிக்கும் சி.எஸ்.ஆர். பணத்தைக் கொடுத்துக் கணக்குக் காட்ட முடியாது. மேலே சொன்ன 3.4 கோடியை ஒரு கம்பெனி மனமுவந்து கொடுத்தாலும், 'வங்கியில் போட்டு வட்டியில் நடத்திக்கொள்ளுங்கள்' என்று கொடுக்க வழியில்லை. 'கட்டடம் கட்டுங்கள்' என்று கொடுக்கலாம். பதிவுபெற்ற டிரஸ்டின் பெயரில் சொத்து இருந்தால் போதும். பணம் செலவாகிவிட வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கம். எங்கோ பெட்டியில் தூங்கக் கூடாது என்ற அந்த நோக்கத்தில் நியாயமும் இருக்கிறது. விளைவு என்னவோ, பெயர்ப்பலகை வைக்கும்படியான செலவுகளுக்குப் பணம் தாராளமாகவும், பல்பு மாற்றுகிற செலவுக்கு அரிதாகவும் கிடைக்கிறது.

இரண்டாவது, காலக்கெடு. பல வருடத் திட்டம் என்று எடுத்துக்கொண்டாலும், தொடங்கிய வருடம் போக அதிகபட்சம் மூன்று வருடம். ஓர் அருங்காட்சியகம் ஊருக்குள் பேர் வாங்கி, ஆசிரியர்கள் நம்பி வருடா வருடம் கூட்டிவரப் பழகவே அந்தக் காலம் ஆகிவிடும். சரியாக அந்த நேரத்தில் பணம் நிற்கும்.

மூன்றாவதாக, நிர்வாகச் செலவு 5%-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி. இது கம்பெனி தன் சொந்த சி.எஸ்.ஆர். அலுவலகத்துக்குச் செய்யும் செலவுக்கான வரம்பு. டிரஸ்டின் சம்பளச் செலவுக்கு அல்ல. ஆனால், 'எங்கள் பணத்தில் சம்பளத்துக்கு எவ்வளவு போகும்?' என்ற கேள்வி எந்தப் பேச்சுவார்த்தையிலும் முதலில் எழும். அறிவியல் மையத்தைப் பொறுத்தவரை சம்பளம்தான் திட்டமே. விளக்குகிற ஆளை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது குழாயும் காந்தமும்.

வருமான வரி விதிகள் இன்னொரு பக்கம். அறக்கட்டளை தன் வருமானத்தில் 85%-ஐ அந்தந்த வருடமே நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். நிபந்தனையில்லாமல் ஒதுக்கிவைக்க முடிவது 15%. அதற்கு மேல் என்றால் காரணம் எழுதிக் கொடுத்து, ஐந்து வருடத்துக்குள் செலவழிக்க வேண்டும். நல்ல வருடத்தில் சேர்த்து மோசமான வருடத்தைக் கடப்பது என்ற குடும்பப் பழக்கம் இங்கே லேசில் செல்லாது.

மோசமான வருடம் வராது என்று இந்த வட்டாரத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியபோது, அந்த ஊரின் பெயரே உலக வரைபடத்தில் ஏறியதுபோல இருந்தது. 2014 நவம்பர் 1-ம் தேதி ஆலை நின்றது. சி.எஸ்.ஆர். சட்டம் அமலுக்கு வந்த அதே வருடம்! கொஞ்ச தூரத்தில், மறைமலைநகர் ஃபோர்டு ஆலையின் உற்பத்தி 2022-ல் முடிந்தது. லாபத்தில் இரண்டு சதவிகிதம் என்றால், நஷ்டத்தில் பூஜ்யம். ஒரே கம்பெனியின் தோளில் ஏறி உட்காரும் அருங்காட்சியகம், அந்தக் கம்பெனி தும்மினால் கீழே விழும்.

கட்டடமே இல்லாமல்

அதனால்தான் சிலர் கட்டடத்தை விட்டுவிட்டு வண்டியைப் பிடித்தார்கள். 1959-ல் தொடங்கிய கொல்கத்தா பிர்லா அருங்காட்சியகம், 1965-லேயே ஒரு பஸ்ஸில் கருவிகளை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பியது. இன்றும் தேசியக் கவுன்சிலின் பஸ்கள் ஊர் ஊராகப் போகின்றன.

அரசு சாராத உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூரு போகும் ரயிலில் ஏறினால் குப்பம் வரும். அங்கே, மூன்று மாநில எல்லையில், 172 ஏக்கரில் அகஸ்தியா அறக்கட்டளையின் வளாகம் இருக்கிறது. வங்கி வேலையை விட்டுவந்த ராம்ஜி ராகவன் 1999-ல் தொடங்கியது. நிலம் ஆந்திர அரசு கொடுத்தது. வளாகத்துக்குள் ஆய்வுக்கூடங்கள், கணிதமேதை ராமானுஜன் பெயரில் ஒரு கணிதப் பூங்கா. ஆனால், அகஸ்தியாவைப் பிரபலமாக்கியது வளாகத்தைவிட வேன்கள்தான். ஒரு வேன், ஓர் ஓட்டுநர், ஓர் ஆசிரியர், பெட்டி நிறைய மாதிரிகள். பங்குச்சந்தைப் பிரபலம் ராகேஷ் ஜுன்ஜுன்வாலா முதல் பல கம்பெனிகள் வரை கொடை கொடுத்ததற்கு ஒரு காரணம், 'ஒரு வேனுக்கு வருடத்துக்கு இவ்வளவு' என்று கணக்கைத் துண்டு துண்டாகக் காட்ட முடிவது. மூன்று வருடப் பணத்துக்கு மூன்று வருட வேன். சி.எஸ்.ஆரின் குணத்துக்கு ஏற்ற உருவம் இது.

இன்னொரு நல்ல பழக்கமும் அங்கே உண்டு. நன்றாகப் புரிந்துகொண்ட பிள்ளைகளையே மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப் பழக்குகிறார்கள். சம்பளச் செலவைக் குறைக்கும் தந்திரம் என்று இதைச் சொல்லிவிடக் கூடாது. எட்டாம் வகுப்புப் பிள்ளை, ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் பேசும் பாஷையைப் பெரியவர்களால் பேச முடியாது.

தமிழ்நாடு அரசும் இதே வழியில் ஒரு காரியம் செய்தது. 2022 நவம்பர் 28-ல் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம், 'எங்கும் அறிவியல், யாவும் கணிதம்' என்ற முழக்கத்தோடு, ஆறு முதல் எட்டு வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் வகுப்பறைக்கே கருவிகளோடு கருத்தாளர்களை அனுப்புகிறது. காஞ்சிபுரம் மாவட்டப் பள்ளிகளுக்கும் இது உண்டு.

வண்டியும் கருத்தாளரும் போதுமா என்றால், பாதி போதும். வண்டி சாயங்காலம் கிளம்பிவிடும். மனசுக்குள் ஒரு கேள்வி முளைத்த பிள்ளை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவை இழுத்துக்கொண்டு போய் 'இதைப் பாரு' என்று காட்ட ஓர் இடம் வேண்டும். லாரியின் டிஃபரென்ஷியலை வெட்டிவைத்து, வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் ஏன் வேகமாகச் சுற்றுகிறது என்று காட்ட வேனில் இடமில்லை.

இடம் என்றதும் கோயம்புத்தூர் நினைவுக்கு வரும். ஜி.டி.நாயுடு தன் கண்டுபிடிப்புகளையும் தான் சேர்த்த இயந்திரங்களையும் ஊர் பார்க்கக் காட்சிக்கு வைத்தார். அவர் பெயரிலான அறக்கட்டளை இன்று தொழில் கண்காட்சி, கார் அருங்காட்சியகம், 'எக்ஸ்பெரிமென்டா' அறிவியல் மையம் என்று அதை வளர்த்திருக்கிறது. அந்த ஊரிலேயே பிறந்து, அங்கேயே தொழில் நடத்தி, பேரப்பிள்ளைகளும் அங்கேயே வாழும் முதலாளிகள் இருந்ததால் நடந்த காரியம் அது. ஒரகடத்து ஆலைகளின் உரிமையாளர்கள் சியோலில், ஜெர்மனியில், பாரிஸில், தைவானில் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு ஜி.டி.நாயுடு கிடைப்பார் என்று காத்திருப்பது யோசனையாகாது.

மூடிய கதவைத் திறந்த ஊர்

உள்ளூர் முதலாளி இல்லாவிட்டால் உள்ளூர் மக்கள் இருக்கிறார்களே என்று ஒரு ஊர் முடிவெடுத்தது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள டொலீடோ. ஸ்ரீபெரும்புதூர்க்காரர் அங்கே போய் இறங்கினால் பாதி பழகிய ஊர்போல இருக்கும். கண்ணாடி ஆலைகளால் 'கண்ணாடி நகரம்' என்றே பெயர் வாங்கிய ஊர். ஜீப் தயாராவதும் அங்கேதான்.

ஆற்றங்கரையில், மூடிப்போன ஒரு வணிக வளாகத்தில், 1997-ல் அங்கே ஓர் அறிவியல் மையம் திறந்தார்கள். பெயர் கோசை. லாப நோக்கமில்லாதது. தொடக்கத்தில் கூட்டம் நன்றாகவே வந்தது. பிறகு, டிக்கெட்டும் கொடையும் செலவுக்குக் கட்டவில்லை. வீட்டு வரியோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்துக் கொடுங்கள் என்று மக்களிடம் வாக்கெடுப்புக்குப் போனார்கள். 2006-ல் 'முடியாது' என்றார்கள் மக்கள். 2007-லும் அதே பதில். அந்த வருடம் டிசம்பர் 31-ம் தேதி கதவைச் சாத்திவிட்டார்கள்.

மூடிய பிறகுதான் ஊருக்கு உறைத்தது. 2008 நவம்பரில் மூன்றாவது முறை வாக்கெடுப்பு. அமெரிக்காவில் வங்கிகள் சரிந்து, கார் கம்பெனிகள் திவாலாகும் நிலையில் இருந்த நேரம் அது. வேலை போகுமோ என்று பயந்துகொண்டிருந்த அந்த மக்கள், அந்த முறை 'சரி' என்று வாக்களித்தார்கள். 2009 அக்டோபரில் 'இமேஜினேஷன் ஸ்டேஷன்' என்ற புதுப் பெயரில் மையம் திறந்தது. இன்றும் நடக்கிறது.

வரி என்பதால் வீட்டுக்கு வீடு கொடுத்த தொகை சிறியதுதான். ஆனால், அது வருடா வருடம் வரும். கம்பெனியின் லாபத்தைப் பார்த்து ஏறி இறங்காது. பெயர்ப்பலகையும் கேட்காது. சம்பளத்துக்கும் பல்புக்கும் தேவைப்படும் பணத்தின் குணம் அது.

'நம் ஊரில் இதெல்லாம் நடக்குமா?' என்று கேட்பவர்கள் தங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்க்கலாம். அதில் நூலக வரி என்று ஒன்று இருக்கும். 1948-ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தபோது வந்தது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நின்றவர் நூலகவியல் மேதை எஸ்.ஆர்.ரங்கநாதன். இப்போது வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. தமிழ்நாட்டின் கிளை நூலகங்களைத் தாங்குவதில் அந்தப் பத்துப் பைசாவுக்கும் பங்கு உண்டு. வசூலித்த தொகையை உள்ளாட்சிகள் நூலகத் துறைக்குக் கட்டாமல் பாக்கி வைக்கும் புகார் நெடுநாளாக இருக்கிறது, அது தனிக்கதை. ஆனாலும், அறிவுக்கென்று தனியாக ஒரு வரி கட்டும் பழக்கம் இங்கே எழுபது வருடத்துக்கும் மேலாக இருக்கிறது. டொலீடோ மக்கள் மூன்று வாக்கெடுப்பில் வந்து சேர்ந்த இடத்துக்குத் தமிழர்கள் புத்தகத்துக்காக எப்போதோ வந்துவிட்டார்கள்.

கட்டடத்தையும் கருவிகளையும் ஆலைகளின் சி.எஸ்.ஆர். கொடுக்கட்டும், அதில் அவர்களுக்கு இஷ்டமும் உண்டு, சட்டமும் இடம் தருகிறது. சம்பளத்தை அரசோ உள்ளாட்சியோ ஏற்கட்டும். கோளரங்கத்துக்கு பிர்லா பெயர் இருக்கிறது, நடத்துவது தமிழ்நாடு அரசின் அமைப்பு. புதிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஆனால், கட்டடத் திறப்பு விழாவுக்கு நாள் குறிப்பதற்கு முன்பே சம்பளப் பொறுப்பு யாருடையது என்று எழுத்தில் வாங்கிவிட வேண்டும். திறந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமை யார் வருவார்கள்?

பணம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொண்டால், அடுத்த கேள்வி நிகழ்ச்சிகள். மற்ற ஊர் மையத்தை அப்படியே பெயர்த்து வைத்தால் இங்கே எடுபடாது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் பெண் தொழிலாளர்களுக்காகத் திறக்கப்பட்ட தங்குமிடத்தில் மட்டும் 18,720 படுக்கைகள். சொந்த ஊரை விட்டு இங்கே வந்து, ஷிப்ட் பார்த்து, மாலையில் அறைக்குத் திரும்பும் இளம் பெண்கள். செல்போனில் ஒரு திருகாணியை, ஒரு கேமராவை மாட்டும் வேலையை மணிக்கணக்கில் செய்பவர்கள். அந்த கேமரா எப்படிப் பார்க்கிறது, தொடுதிரைக்கு விரல் பட்டது எப்படித் தெரிகிறது என்று அவர்களுக்குச் சொல்லும் மாலை நேரக் கூடம் எந்தப் பள்ளிச் சுற்றுலா மையத்திலும் இருக்காது. இங்கே இருந்தால், அதற்குத்தான் முதலில் கூட்டம் வரும். ஷிப்ட் முறையில் வேலை பார்ப்பவர்களுக்காக இரவு எட்டரை வரை திறந்திருக்க வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள். காந்தம் குழாய்க்குள் இறங்குவதைப் பார்க்க மொழி வேண்டாம், ஏன் என்று பேச வேண்டும்.

பழுது பார்க்கும் ஆளுக்கும் இங்கே பஞ்சமில்லை. முப்பது வருடம் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வுபெறப்போகும் ஃபிட்டர்கள், எலெக்ட்ரீஷியன்கள் இந்த வட்டாரத்தில்தான் வீடு கட்டியிருக்கிறார்கள். ஐ.டி.ஐ. மாணவர்கள் அவர்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டால், எக்ஸ்ப்ளோரடோரியத்தின் திறந்த பட்டறை ஒரகடத்தில் உள்ளூர் பாணியில் நடக்கும். பழுது அட்டையும் தொங்காது.

நாள்காட்டியையும் பார்க்க வேண்டும். கம்பெனிக் கணக்கு மார்ச் 31-ல் முடிகிறது. மிச்சமிருக்கும் சி.எஸ்.ஆர். தொகைக்குச் செலவு தேடி போன் வருவது பிப்ரவரி, மார்ச்சில். பள்ளிகளில் அப்போது பொதுத்தேர்வு. ஒரு பிள்ளையையும் வெளியே விடமாட்டார்கள். ஜூனில் பள்ளி திறந்து, பிள்ளைகள் எங்காவது கூட்டிப்போங்கள் என்று கேட்கும்போது, கம்பெனியில் புது வருடத் திட்டம் இன்னும் கமிட்டி மேஜையில் இருக்கும்.

பஸ் வாடகைக்கு ஒரு வழி சாலையிலேயே இருக்கிறது. இந்த வட்டாரத்தில் கம்பெனி பஸ்களுக்குக் குறைவில்லை. காலை ஷிப்ட்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டால், அந்த ஷிப்ட் முடியும் வரை அவற்றுக்கு வேலையில்லை. பள்ளிக்கூட நேரம் முழுக்க, இருக்கைகள் காலியாக, ஓரங்கட்டி நிற்கின்றன.